சந்தேகத்தின் பலன் யாருக்கு?

பொருளியலும் அறவியலும் சந்திக்கும் இடத்தில் நின்று பேச வேண்டும் என்பது இந்தப் பொழிவுக்கு எனக்குத் தரப்பட்ட எல்லை. அந்த எல்லைக்குள் நின்று, பிரிட்டனில் பதினைந்து ஆண்டுகளாக ஓயாமல் நடக்கும் ஒரு வாக்குவாதத்தை எடுத்துக்கொண்டிருக்கிறேன். சட்டத்தின் சந்துபொந்துகளில் புகுந்து வரியைத் தவிர்க்கும் செல்வர் ஒரு பக்கம். வருமானத்தை மறைத்து அரசின் உதவித்தொகையை வாங்கும் ஏழை மறுபக்கம். இருவரில் யார் செய்வது பெரிய குற்றம் என்று அந்நாட்டு ஏடுகளும் நாடாளுமன்றமும் மாறி மாறிக் கேட்டு வருகின்றன. வலதுசாரி ஏடுகளுக்கு ஏழையின் பொய் பெரிது. இடதுசாரி ஏடுகளுக்குச் செல்வரின் சாமர்த்தியம் பெரிது. இரு தரப்பும் தராசுத் தட்டுகளில் பவுண்டுகளை அடுக்கிக்கொண்டே போகின்றன. இந்த எடைபோடுதலில் எனக்கு நம்பிக்கை குறைவு. பொய் சொல்லிப் பொதுப்பணத்தை எடுத்தவர் எவராயினும் தவறு செய்தவரே. அதில் வாதத்துக்கு இடமில்லை. வாதம் தேவைப்படுவது பொய்யும் மெய்யும் தெளிவாகப் பிரியாத நடுப்பகுதியில். அங்கே விதி மங்கலாக இருக்கும், நோக்கம் மங்கலாக இருக்கும், காகிதங்கள் குறைபடும். அத்தகைய இடத்துக்கு நம் நீதிமன்றங்கள் 'சந்தேகத்தின் பலன்' என்றொரு சொற்றொடரை வைத்திருக்கின்றன. அந்தப் பலன் செல்வருக்கு உரிமையாகவும் ஏழைக்கு எட்டாக்கனியாகவும் பங்கிடப்பட்டிருக்கிறது என்பது என் வாதம். இந்த வாக்குவாதத்தில் எதையேனும் அறமற்றது என்று சொல்ல வேண்டுமானால் முதலில் இந்தப் பங்கீட்டைத்தான் சொல்ல வேண்டும்.

சொற்களிலிருந்தே தொடங்கலாம். வரி ஏய்ப்பு என்றால் சட்டத்தை மீறி வருமானத்தை மறைப்பது. வரித் தவிர்ப்பு என்றால் சட்டத்துக்குள் நின்றே கட்ட வேண்டியதைக் குறைத்துக்கொள்வது. இதைவிட மென்மையாக வரித் திட்டமிடல் என்றொரு சொல்லும் இருக்கிறது. அது ஒரு தொழில், அதற்குப் படிப்பு உண்டு, ஆலோசகர் உண்டு, கட்டண ரசீது உண்டு. பேச்சுவழக்கில் 'டாக்ஸ் மிச்சம் பண்ணுவது' என்கிறோம். மிச்சம் பிடிப்பது நம் வீடுகளில் நற்குணம். ஆக, வரிப் பக்கத்தில் கறுப்புக்கும் வெள்ளைக்கும் நடுவே பல நிறங்களுக்குப் பெயர் இருக்கிறது. உதவித்தொகைப் பக்கம் வந்தால் கையில் மிஞ்சுவது மோசடி என்ற ஒரே சொல். உதவித்தொகைத் திட்டமிடல் என்று யாரும் சொல்லிக் கேட்டதில்லை. விதிகளை நன்றாகப் படித்துத் தனக்குரியதை முழுதாகக் கேட்டு வாங்கும் ஒரு தாயை 'விவரமானவள்' என்று சொல்லும்போதுகூட அந்தச் சொல்லுக்குள் ஒரு முள் இருக்கிறது.

வரிப் பக்கத்துக்கு இந்த நடு நிறங்கள் எப்படிக் கிடைத்தன என்று பார்த்தால், அதில் பெரும்பங்கு ஒரு தோட்டக்காரரின் கூலியில் போய் நிற்கும். இலண்டனின் மேஃபேர், பெல்கிரேவியா பகுதிகளில் பெருநிலம் படைத்த குடும்பம் வெஸ்ட்மின்ஸ்டர் கோமகனுடையது. அன்றைய வரிச்சட்டப்படி வீட்டுப் பணியாளர்களுக்குத் தரும் கூலியை அவருடைய வருமானத்திலிருந்து கழித்துக்கொள்ள முடியாது. ஆனால், ஒருவருக்கு ஆண்டுதோறும் இவ்வளவு தருவேன் என்று முத்திரையிட்ட பத்திரம் எழுதிக்கொடுத்தால் அந்தத் தொகையைக் கழித்து மேல்வரியைக் குறைக்கலாம். கோமகன் தம் பணியாளர்களுக்குப் பத்திரம் எழுதிக்கொடுத்தார். கடந்தகாலப் பணியைக் கருதித் தருவதாகப் பத்திரம் சொன்னது. உடன் சென்ற கடிதமோ, முழுக் கூலி கேட்க உங்களுக்கு உரிமை உண்டு என்றாலும் இந்தத் தொகை போக மீதியை மட்டுமே வாங்கிக்கொள்வீர்கள் என எதிர்பார்க்கிறோம் என்ற பொருளில் அமைந்திருந்தது. தோட்டக்காரர் அதே தோட்டத்தில் அதே வேலையைத்தான் செய்தார். மாறியது காகிதம் ஒன்றே. 1935-இல் பிரபுக்கள் சபையின் நீதிபதிகள் கோமகனுக்குச் சாதகமாகத் தீர்ப்பளித்தார்கள். ஆட்கின் பிரபு மட்டும் மாறுபட்டார். வரி குறையும்படி தன் காரியங்களை அமைத்துக்கொள்ள எவருக்கும் உரிமை உண்டு, பத்திரம் சட்டப்படி செல்லுமானால் அதற்குப் பின்னால் இருக்கும் உட்பொருளைத் தேடிச் சட்டம் போகாது என்பதே தீர்ப்பின் சாரம்.

அந்தத் தீர்ப்பின் நிழல் நம் நாடு வரை நீண்டது. 1985-இல் மெக்டவல் வழக்கில் உச்ச நீதிமன்ற நீதிபதி ஓ. சின்னப்ப ரெட்டி, பிறந்த மண்ணிலேயே வலுவிழந்துவிட்ட அந்தக் கொள்கையை இந்தியா தூக்கிச் சுமக்க வேண்டியதில்லை என்று கடுமையாக எழுதினார். 2003-இல் மொரீஷியஸ் வழியாக வரும் முதலீடுகள் பற்றிய வழக்கில் அதே நீதிமன்றத்தின் இருவர் அமர்வு, வெஸ்ட்மின்ஸ்டர் கொள்கை இன்னும் உயிரோடுதான் இருக்கிறது என்றது. ஒரே நீதிமன்றம், பதினெட்டே ஆண்டு இடைவெளி. பிரிட்டனிலும் 1981-இன் ராம்சே வழக்குக்குப் பிறகு, அடுக்கடுக்காகச் செய்யப்படும் ஏற்பாடுகளைத் துண்டு துண்டாகப் பார்க்காமல் மொத்தமாகப் பார்க்க வேண்டும் என்ற பார்வை வளர்ந்தது. 2013-இன் நிதிச்சட்டம் வரித் தவிர்ப்புக்கு எதிரான பொதுவிதி ஒன்றைக் கொண்டுவந்தது. அந்த விதியின் உள்ளமைப்புதான் இன்றைய பேச்சுக்கு முக்கியமானது. ஓர் ஏற்பாட்டை இந்த விதியின்கீழ் முறியடிக்க வேண்டுமானால் அது நியாயமற்றது என்று வரித்துறை சொன்னால் போதாது. அது நியாயமான நடவடிக்கைதான் என்று கருதுவதற்கு நியாயமான எவருக்கும் இடமில்லை என்று துறையே நிரூபிக்க வேண்டும். இதை இரட்டை நியாயச் சோதனை என்கிறார்கள். அதற்கும் முன்னதாக வரித்துறையைச் சேராத வல்லுநர்கள் கொண்ட ஒரு குழுவின் கருத்தைக் கேட்டாக வேண்டும். இந்தியாவில் இதையொத்த விதி 2017 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்தபோது, வரிப்பலன் 3 கோடி ரூபாயைத் தாண்டாத ஏற்பாடுகளை அது தொடாது என்று வரம்பு வைத்தார்கள். இவற்றை நான் குறையாகச் சொல்லவில்லை. கையில் இவ்வளவு அதிகாரம் வைத்திருக்கும் அரசு, குடிமகன்மீது கைவைக்கும் முன் இவ்வளவு தயங்கத்தான் வேண்டும். இந்தத் தயக்கம் வேறு யாரிடமெல்லாம் காட்டப்படுகிறது என்பதுதான் என் கேள்வி.

2012-ஆம் ஆண்டு இந்த வாக்குவாதம் பிரிட்டனின் தெருவுக்கு வந்தது. ஜூன் மாதம், ஜெர்சி தீவு வழியாக வருமானத்தைக் கடனாக உருமாற்றும் ஒரு திட்டத்தில் நகைச்சுவைக் கலைஞர் ஜிம்மி கார் சேர்ந்திருந்த செய்தி வெளிவந்தது. சட்டம் மீறப்பட்டதாக யாரும் சொல்லவில்லை. ஆனாலும் பிரதமர் டேவிட் கேமரன் அது ஒழுக்கத்துக்குப் புறம்பானது என்றார். கலைஞர் மன்னிப்புக் கேட்டு விலகினார். அக்டோபரில் ராய்ட்டர்ஸ் ஒரு கணக்கை வெளியிட்டது. ஸ்டார்பக்ஸ் நிறுவனம் 1998 முதல் பிரிட்டனில் 300 கோடி பவுண்டுக்கு விற்பனை செய்து, நிறுவன வரியாகக் கட்டியது 86 லட்சம் பவுண்ட். கடைகளின் விற்பனையில் ஒரு பங்கு, பெயர்ச்சின்னத்தையும் தயாரிப்பு முறையையும் பயன்படுத்துவதற்கான உரிமைத்தொகையாக நெதர்லாந்தில் உள்ள கிளை நிறுவனத்துக்குப் போனது. காப்பிக்கொட்டை சுவிட்சர்லாந்துக் கிளையின் வழியாக வாங்கப்பட்டது. பிரிட்டன் கணக்கில் நட்டமே மிஞ்சியது. நவம்பரில் ஸ்டார்பக்ஸ், கூகுள், அமேசான் மூன்றின் அதிகாரிகளும் நாடாளுமன்றப் பொதுக்கணக்குக் குழு முன்பு உட்கார்ந்தார்கள். உங்கள்மீது சட்டமீறல் குற்றச்சாட்டு இல்லை, ஒழுக்கமின்மைக் குற்றச்சாட்டுதான் என்ற பொருள்பட அவர்களிடம் சொன்னார் குழுத் தலைவர் மார்கரெட் ஹாட்ஜ்.

இந்தக் காட்சியைப் பலர் கொண்டாடினார்கள். என்னால் முடியவில்லை. சட்டம் இயற்றும் மன்றத்தில் இருப்பவர்கள் தம் கையில் உள்ள சட்டத்தைத் திருத்தாமல் ஒழுக்கம் போதிப்பது பலவீனத்தின் அடையாளம் என்று அன்றே எழுந்த எதிர்ப்பில் நியாயம் இருந்தது. டிசம்பரில் நடந்தது அதை உறுதிப்படுத்தியது. வாடிக்கையாளரின் கோபத்தைக் கண்ட ஸ்டார்பக்ஸ், அடுத்த இரண்டு ஆண்டுகளில் 2 கோடி பவுண்ட் கட்டுவதாகத் தானே முன்வந்து அறிவித்தது. எவ்வளவு கட்டுவது என்பதைக் கட்டுபவரே முடிவு செய்தால் அதற்குப் பெயர் வரியா? தமிழில் அதற்குக் கொடை என்று பெயர். கொடை கொடுப்பவரின் விருப்பத்தில் நிற்பது; வரி குடிமக்கள் எல்லோருக்கும் பொதுவான கடமையில் நிற்பது. ஒழுக்கக் கூச்சல் சட்டத்தின் இடத்தைப் பிடித்துக்கொண்டால் வலியவர்களின் கடமை கொடையாக மாறிவிடுகிறது. உதவித்தொகை கூடுதலாக வாங்கிவிட்டதாகச் சொல்லப்படும் ஒருவர், நான் இவ்வளவு திருப்பித் தருகிறேன் என்று தாமே ஒரு தொகையை ஊடகங்களுக்கு அறிவிக்க முடியுமா என்று எண்ணிப் பார்த்தால் வேறுபாடு விளங்கும்.

பொதுமக்களின் மனம் எந்தப் பக்கம் சாய்ந்திருக்கிறது என்பதற்குச் சான்று உண்டு. 2013-இல் ராயல் புள்ளியியல் கழகமும் இலண்டன் கிங்ஸ் கல்லூரியும் இப்சாஸ் மோரி நிறுவனமும் சேர்ந்து நடத்திய ஆய்வில், உதவித்தொகையாக அரசு செலவிடும் 100 பவுண்டில் எவ்வளவு மோசடியாகப் போகிறது என்று கேட்டார்கள். மக்களின் மதிப்பீடு 24 பவுண்ட். அன்றைய அரசுக் கணக்கின்படி அது 70 பென்ஸ். ஒரு பவுண்டுகூட இல்லை. இன்னொன்று, பிரிட்டிஷ் சமூக மனப்பாங்கு ஆய்வு 2016-இல் கேட்டது. அது மேலும் நுட்பமான கேள்வி. இரண்டு பக்கமும் சட்டத்துக்குள் நின்று ஓட்டையைப் பயன்படுத்துவதாகவே கேள்வி அமைந்திருந்தது. சட்ட ஓட்டையைப் பயன்படுத்திக் குறைவாக வரி கட்டுவது பெரும்பாலும் அல்லது எப்போதும் தவறு என்றவர்கள் 48 விழுக்காடு. சட்ட ஓட்டையைப் பயன்படுத்திக் கூடுதல் உதவித்தொகை பெறுவது தவறு என்றவர்கள் 61 விழுக்காடு. இரண்டு செயலும் சட்டத்துக்கு உட்பட்டவை. அப்படியிருந்தும் ஏழையின் ஓட்டை கூடுதலாகச் சுடுகிறது. சட்டமீறல்தான் மக்களை உறுத்துகிறது என்ற விளக்கம் இந்த எண்களுக்கு முன் நிற்காது.

மக்களின் மனச்சாய்வு ஒருபுறம் இருக்கட்டும். அரசின் கணக்கேடே சாய்ந்திருக்கிறது; என் பார்வையில் இதுவே கூடுதல் கவனத்துக்குரியது. பிரிட்டிஷ் வரித்துறை, வர வேண்டிய வரிக்கும் வந்த வரிக்கும் உள்ள இடைவெளியை ஆண்டுதோறும் மதிப்பிட்டு வெளியிடுகிறது. 2022-23 நிதியாண்டுக்கு அது முதலில் வெளியிட்ட மதிப்பீடு 3,980 கோடி பவுண்ட், மொத்த வரியில் 4.8 விழுக்காடு. இந்த இடைவெளியைக் காரணவாரியாகவும் பிரிக்கிறார்கள்: கவனக்குறைவு, பிழை, ஏய்ப்பு, மறைமுகப் பொருளாதாரம், குற்றக் கும்பல்களின் தாக்குதல், கட்டாமல் விடுதல், தவிர்ப்பு. இவற்றோடு இன்னொரு தலைப்பும் இருக்கிறது: சட்ட விளக்கத்தில் வேறுபாடு. வரி கட்டுபவர் விதியை ஒரு விதமாகவும் துறை வேறு விதமாகவும் படித்ததால் ஏற்பட்ட இழப்பு அதில் சேரும். அது ஏய்ப்பும் இல்லை, தவிர்ப்பும் இல்லை. இரு தரப்புக்கிடையே ஒரு கருத்துவேறுபாடு. இனி, உதவித்தொகை வழங்கும் துறையின் அறிக்கையைத் திறந்து பாருங்கள். கூடுதலாகக் கொடுக்கப்பட்ட தொகைக்கு அங்கே மூன்றே தலைப்புகள்: மோசடி, பெறுநரின் பிழை, அலுவலரின் பிழை. விதியை வேறு விதமாகப் படித்தார் என்ற தலைப்பு அங்கே கிடையாது. உதவித்தொகை விதிகள் வரிச்சட்டத்தைவிட எளியவை என்று அவற்றைப் படித்த எவரும் சொல்ல மாட்டார்கள். பெறுநருக்கு விதியைப் படித்துப் பொருள் கொள்ளும் உரிமையும் திறனும் இருக்கலாம் என்பதே அந்த ஏட்டை வகுத்தவர்களுக்குத் தோன்றவில்லை.

இதே கணக்கேட்டை வைத்து எனக்கு எதிராகவும் பேசலாம், பேச வேண்டும். வரித்துறையின் மதிப்பீட்டில் தவிர்ப்பு என்ற தலைப்பின்கீழ் வருவது மொத்த இடைவெளியில் சிறு துண்டு. பெரும்பகுதி சிறு வணிகர்களைச் சேர்ந்தது; காரணங்களில் கவனக்குறைவும் பிழையுமே முன்னிற்கின்றன. மறுபுறம், பெருந்தொற்றுக்குப் பின் உதவித்தொகை மோசடி பெரிதும் கூடியிருக்கிறது. 2023-24-இல் 26,620 கோடி பவுண்ட் உதவித்தொகைச் செலவில் 970 கோடி கூடுதலாகக் கொடுக்கப்பட்டதாகவும் அதில் 740 கோடி மோசடி என்றும் துறை மதிப்பிட்டது. பத்தாண்டுகளுக்கு முன் 100-க்கு 70 பென்ஸாக இருந்தது 2 பவுண்ட் 80 பென்ஸாகிவிட்டது. பொய் ஆவணங்களை உற்பத்தி செய்து 5 கோடி பவுண்டுக்கு மேல் சுருட்டிய ஒரு கும்பலுக்கு 2024-இல் சிறைத்தண்டனை கிடைத்தது. இவற்றை மறைத்துக்கொண்டு ஏழைகளின் பக்கம் பேசுவது ஏழைகளுக்கே செய்யும் துரோகம். கும்பல் சுருட்டும் ஒவ்வொரு பவுண்டும் உண்மையிலேயே தேவைப்படும் ஒருவரின் மீதான சந்தேகத்தைக் கூட்டுகிறது. ஆனால் இரண்டு எண்களும் எப்படிப் பிறக்கின்றன என்பதையும் சேர்த்தே பார்க்க வேண்டும். உதவித்தொகை மோசடி என்ற எண் நீதிமன்றத் தீர்ப்புகளைக் கூட்டியதால் வந்ததன்று. மாதிரியாக எடுத்த சில ஆயிரம் விண்ணப்பங்களைப் பரிசோதித்து, இது மோசடியாக இருக்கக்கூடும் என்று அலுவலர்கள் எடுத்த முடிவை நாடு முழுமைக்கும் விரித்துக் கண்டது. தவிர்ப்பு என்ற எண்ணிலோ, சட்டப்படி வசூலிக்க முடியும் என்று துறை கருதுவது மட்டுமே இடம்பெறும். நெதர்லாந்துக்குப் போன உரிமைத்தொகையைப் போல, சட்டம் ஒப்புக்கொண்ட வழிகளில் வெளியேறும் இலாபம் அந்தக் கணக்கில் வராது. ஒரு பக்கம் சந்தேகமே எண்ணாகிறது. மறுபக்கம் சந்தேகம் வந்த உடனே எண் குறைகிறது. இவ்விரண்டையும் ஒரே தராசில் வைத்து இது பெரிது, அது சிறிது என்பவர்களுக்குத் தராசின் முள்ளே வளைந்திருப்பது தெரிவதில்லை.

அடுத்த எதிர்ப்பு இன்னும் ஆழமானது. வரி கட்டுபவர் தன் பணத்தைக் காப்பாற்றிக்கொள்கிறார். உதவி பெறுபவர் பிறர் பணத்தை எடுக்கிறார். இரண்டும் எப்படி ஒன்றாகும்? மனத்துக்கு இயல்பாகப் படும் வாதம்தான். ஆனால் வரிக்கு முந்தைய வருமானம் என்பது இயற்கை தந்த சொத்து அன்று. நாணயம், ஒப்பந்தச் சட்டம், நீதிமன்றம், சாலை, நிறுவனப் பதிவு எல்லாமே வரியால் நிற்பவை. அவற்றின்மேல் நின்றுதான் அந்த வருமானம் பிறக்கிறது. லியம் மர்ஃபியும் தாமஸ் நேகலும் 2002-இல் வெளியிட்ட நூலில் இதை விரிவாக வாதிட்டிருக்கிறார்கள். வெஸ்ட்மின்ஸ்டர் கோமகனின் நிலத்துக்கு விலை ஏறியதற்கு, அதைச் சுற்றி ஒரு தலைநகரம் வளர்ந்தது காரணம் இல்லையா? இன்னொன்றும் உண்டு. அமெரிக்கக் கருவூலத்தில் பணியாற்றிய ஸ்டான்லி சரே 1967-இல், வரிச்சலுகை என்பது வேறு பெயரில் நடக்கும் அரசுச் செலவே என்று சொல்லி அதற்கு வரிச்செலவு என்று பெயரிட்டார். இன்று நம் மத்திய வரவுசெலவுத் திட்டமும் சலுகைகளால் அரசு இழக்கும் வருவாயைத் தனியே அச்சிடுகிறது. அப்படியானால் உரியதல்லாத ஒரு சலுகையை எடுத்துக்கொள்பவரும் பொதுப்பணத்தைத்தான் எடுக்கிறார்; பணம் அவர் கைக்கு வருவதற்குப் பதிலாகக் கையை விட்டுப் போகாமல் நிற்கிறது, அவ்வளவுதான்.

இனி, சந்தேகத்தின் பலன் கிட்டாதவர்களிடம் வருவோம். பிரிட்டனில் நோயாளியையோ மாற்றுத்திறனாளியையோ வாரத்துக்குக் குறைந்தது 35 மணி நேரம் பார்த்துக்கொள்பவருக்குப் பராமரிப்பாளர் உதவித்தொகை உண்டு. 2024-25-இல் அது வாரத்துக்கு 81 பவுண்ட் 90 பென்ஸ். அவ்வாண்டில் வெளியே பகுதிநேர வேலை பார்த்து வாரம் 151 பவுண்ட் வரை சம்பாதிக்க முடிந்தது. 152 ஆனால் அந்த வாரத்துக்குரிய உதவித்தொகை முழுவதும் போய்விடும். ஒருவர் ஆண்டு முழுவதும் வாரம் ஒரு பவுண்ட் கூடுதலாகச் சம்பாதித்திருந்தால், கூடுதல் வருமானம் 52 பவுண்ட். திருப்பிக் கட்ட வேண்டியது 4,258 பவுண்ட் 80 பென்ஸ். வருமான வரியில் ஒருவர் மேல்படிக்கு ஏறினால் ஏறிய பகுதிக்கு மட்டுமே கூடுதல் வரி. இங்கே படியே கிடையாது, மலைமுகடுதான். சம்பள விவரம் வரித்துறையிலிருந்து உதவித்தொகைத் துறைக்குக் கணினி வழியே எச்சரிக்கையாக வந்துகொண்டிருந்தது. வந்தவற்றில் ஏறக்குறைய பாதியைத்தான் பார்த்தார்கள். எஞ்சியவர்களின் கடன் அவர்களுக்கே தெரியாமல் ஆண்டுக்கணக்கில் குவிந்தது; பிறகு ஒருநாள் மொத்தமாகக் கேட்டுக் கடிதம் வந்தது, சிலர்மீது வழக்கும் வந்தது. 2024-இல் செய்தித்தாள்கள் இதை வெளிக்கொணர்ந்த பின்னர் தனி ஆய்வு ஒன்று அமைக்கப்பட்டது. 2025 ஏப்ரலில் வருமான வரம்பு 196 பவுண்டாக உயர்ந்தது. முகடு மட்டும் அப்படியே நின்றது. படுக்கையில் கிடக்கும் கணவரை இரவெல்லாம் பார்த்துவிட்டுப் பகலில் கடையில் நின்றவர், வரம்பை ஒரு பவுண்ட் தாண்டியது ஏமாற்றும் நோக்கத்தாலா என்று கேட்க அந்த ஏற்பாட்டில் எந்த இரட்டைச் சோதனையும் இல்லை.

நெதர்லாந்தில் நடந்தது இதைவிடக் கொடியது. அங்கே வேலைக்குப் போகும் பெற்றோரின் குழந்தைக் காப்பகச் செலவில் ஒரு பகுதியை அரசு முன்பணமாகத் தரும். அதை வழங்கி வந்தது வரித்துறையே. பெற்றோர் தம் பங்காகச் சில நூறு யூரோக்களைக் காப்பகத்துக்குச் செலுத்தத் தவறியிருந்தாலோ, படிவத்தில் ஒரு குறை இருந்தாலோ, ஆண்டு முழுவதற்கும் கொடுத்ததை ஒட்டுமொத்தமாகத் திருப்பிக் கேட்டது துறை. பலருக்கு அது பல்லாயிரம் யூரோ. வேண்டுமென்றே செய்தவர் என்றோ பெருங்கவனக்குறைவு உடையவர் என்றோ முத்திரை விழுந்துவிட்டால் தவணையில் கட்டும் வாய்ப்பும் மறுக்கப்பட்டது. பெற்றோரின் குடியுரிமை விவரத்தைத் துறை சட்டத்துக்குப் புறம்பாகப் பயன்படுத்தியதைத் தனியுரிமை ஆணையம் பின்னர் கண்டறிந்து 27.5 லட்சம் யூரோ அபராதம் விதித்தது. வீடு இழந்தவர்கள் உண்டு. மணமுறிவு கண்ட குடும்பங்கள் உண்டு. பிள்ளைகள் பெற்றோரிடமிருந்து பிரிக்கப்பட்ட குடும்பங்களும் உண்டு. 2020 டிசம்பரில் நாடாளுமன்ற விசாரணைக் குழு வரித்துறையை மட்டுமல்லாமல் அமைச்சர்கள், நாடாளுமன்றம், நீதிமன்றம் எல்லோரையும் குற்றம் சாட்டியது. 2021 ஜனவரி 15 அன்று மார்க் ருட்டேயின் அமைச்சரவை பதவி விலகியது. பாதிக்கப்பட்ட பெற்றோர் ஏறத்தாழ 26,000 பேர் என்று அப்போது மதிப்பிட்டார்கள். பின்னர் அந்த எண் இன்னும் உயர்ந்தது.

அதே வரித்துறைக்கு இன்னொரு வாசல் உண்டு. பிரிட்டனில் விற்ற காப்பியின் உரிமைத்தொகை போய்ச் சேர்ந்த நாடு நெதர்லாந்து என்று சொன்னேன் அல்லவா? பன்னாட்டு நிறுவனங்கள் தம் ஏற்பாட்டை முன்கூட்டியே நெதர்லாந்து வரித்துறையிடம் விளக்கினால், இதற்கு இவ்வளவுதான் வரி என்று துறை எழுத்தில் உறுதி தரும். அப்படியொரு உடன்பாட்டை ஸ்டார்பக்ஸின் கிளை 2008-இல் பெற்றது. ஐரோப்பிய ஆணையம் 2015-இல் அதைச் சட்டவிரோத அரசு உதவி என்றது. 2019 செப்டம்பரில் ஐரோப்பியப் பொது நீதிமன்றம் ஆணையத்தின் முடிவை ரத்து செய்தது. நிறுவனத்தின் தரப்பு வென்றது, அதை மறைப்பதற்கில்லை. ஆனால் அடுத்த மாதமே நடந்ததையும் பார்க்க வேண்டும். 2019 அக்டோபரில்தான் நெதர்லாந்தின் உயர் நிர்வாக நீதிமன்றம், காப்பக உதவியில் சிறு குறைக்காக முழுத் தொகையையும் பறிப்பது கட்டாயமில்லை என்று தன் பழைய நிலைப்பாட்டை மாற்றிக்கொண்டது. ஒரு வாசலில் விதியை எப்படிப் படிக்கலாம் என்று முன்கூட்டியே உட்கார்ந்து பேசிய துறை, மறு வாசலில் ஒரு கையெழுத்துக் குறைக்குக் குடும்பத்தையே தெருவில் நிறுத்தியது. சட்டம் வேறு வேறு என்று இதற்குச் சமாதானம் சொல்லலாம்தான். ஆனால் சட்டத்தைக் கனிவாகப் படிப்பதா கடுமையாகப் படிப்பதா என்ற தேர்வு இரு வாசல்களிலும் துறையின் கையில் இருந்தது.

வரி என்றால் கனிவு, உதவி என்றால் கடுமை என்று இதைச் சுருக்கிவிட்டாலும் பிழையாகும். வரிப் பக்கத்திலேயே இதற்கு மறுசான்று இருக்கிறது. பிரிட்டனில் ஒப்பந்த முறையில் வேலை பார்த்த செவிலியர், சமூகப் பணியாளர், கணினிப் பணியாளர் பலருக்குக் கூலியின் பெரும்பகுதி ஒருபோதும் திருப்பிக் கேட்கப்படாத 'கடன்' என்ற பெயரில் தரப்பட்டது. இடைத்தரகு நிறுவனங்களும் ஆலோசகர்களும் இது சட்டப்படி சரியானது என்று சொல்லிச் சேர்த்துவிட்டார்கள். 2016-இல் அறிவிக்கப்பட்டு 2019 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்த சட்டத்தின்படி, பல ஆண்டுக் கடன்கள் ஒரே ஆண்டின் வருமானமாகக் கணக்கிடப்பட்டு வரி கேட்கப்பட்டது. திட்டத்தை விற்றவர்களில் பலர் விலகிப்போக, கூலி வாங்கியவர்கள் மாட்டிக்கொண்டார்கள். இந்த நெருக்கடியோடு தொடர்புடையதாகப் பத்துத் தற்கொலைகளை வரித்துறையே ஒப்புக்கொண்டிருக்கிறது. 1935-இல் கூலியின் பெயரை மாற்றிய எசமானர் வென்றார். இங்கே தம் கூலியின் பெயரைப் பிறர் மாற்றியதற்குப் பணியாளர்கள் தண்டம் கட்டினார்கள். பலனைத் தீர்மானிப்பது வரியா உதவியா என்ற பிரிவினை இல்லை. விதியைத் தனக்குச் சாதகமாகப் படித்துச் சொல்லவும், படித்ததை எழுத்தில் உறுதி செய்துகொள்ளவும் யாருக்கு ஆள் இருக்கிறது என்பதே தீர்மானிக்கிறது.

இங்கே நிர்வாகம் அறிந்தவர்கள் ஓர் எதிர்ப்பை எழுப்புவார்கள். பெருநிறுவனங்கள் சில ஆயிரம். உதவி பெறுவோர் பல லட்சம். ஒவ்வொருவரின் நோக்கத்தையும் ஆராய்ந்துகொண்டிருந்தால் எந்த அரசும் நடக்காது. கடுமையான பொதுவிதிதான் ஒரே வழி. எண்ணிக்கை பற்றிய பகுதி உண்மை. முடிவு அதிலிருந்து வராது. 2025 ஜனவரியில் பிரிட்டிஷ் நாடாளுமன்றத்துக்கு வந்த மசோதா, உதவித்தொகை பெறுவோரின் கணக்குகளில் தகுதி மீறல் தெரிகிறதா என்று பார்த்துச் சொல்ல வங்கிகளைப் பணிக்க வகைசெய்தது. லட்சக்கணக்கான கணக்குகளைத் துருவ முடிந்த இயந்திரத்துக்கு, லட்சக்கணக்கானவர்களை முன்கூட்டியே எச்சரிக்க முடியாது என்பதை எப்படி ஒப்புக்கொள்வது? பராமரிப்பாளர்களின் சம்பளம் வரம்பைத் தாண்டிய செய்தி துறையின் கணினிக்குள்ளேயே கிடந்தது. கூடுதல் தொகையைப் பென்ஸ் பிசகாமல் பின்னால் கணக்கிடத் தெரிந்தவர்களுக்கு முன்னால் கணக்கிடவும் தெரியும்.

ஆகவே நான் கேட்பது செல்வர்களுக்குக் கூடுதல் தண்டனை அன்று. நெதர்லாந்து வரித்துறை நிறுவனங்களுக்கு எழுத்தில் தந்ததைப் போன்ற முன்னுறுதிக் கடிதம் உதவி பெறுவோருக்கும் கிடைக்க வேண்டும். லீட்ஸ் நகரில் தாயைப் பார்த்துக்கொள்ளும் ஒருத்தி, வரும் சனிக்கிழமை கடையில் கூடுதலாக நான்கு மணி நேரம் நிற்கலாமா, நின்றால் வரம்பைத் தாண்டிவிடுமா என்று வியாழக்கிழமை எழுதிக் கேட்கிறாள் என்று வையுங்கள். தாண்டாது என்றோ தாண்டும் என்றோ, பொறுப்புள்ள ஓர் அலுவலரின் கையெழுத்தோடு, பின்னால் துறையையும் கட்டுப்படுத்தும் பதில் வெள்ளிக்கிழமைக்குள் அவள் கைக்கு வர வேண்டும். பதில் தவறாகப் போனால் அந்தத் தவறுக்குரிய பணத்தை அவளிடம் கேட்கக் கூடாது.